பேனர் கட்டுவதற்கு முன்: தமிழ்ப்பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு மக்கள் தொடர்புக் கையேடு

முதலாம் ஆண்டில் (ஒன்றாம் வகுப்பில்) பிள்ளைப் பதிவு குறைந்துவிட்டது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்தால், பத்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர், "பெரிசா ஒரு பேனர் அடிச்சு முச்சந்தியில கட்டுவோம்" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள். பேனரும் வரும். தலைமையாசிரியர் படம், வாரியத் தலைவர் படம், மாண்புமிகு ஒருவரின் படம், மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு முழக்கம். மூன்று மாதம் மழையில் தொங்கிவிட்டு, பிறகு யாரோ வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகும். பதிவு எண்ணிக்கை இருந்த இடத்திலேயே இருக்கும்.

பேனரில் தப்பில்லை. கடைசியில் வரவேண்டியது முதலில் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதற்கு முன் என்னென்ன செய்யவேண்டும், எந்த வரிசையில் செய்யவேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறோம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே இருக்கும் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் பாதி காலி. பிள்ளை பெற்ற குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு)ப் போய்விட்டன. விடியுமுன் தொழிற்சாலை பஸ் வந்து ஆளை ஏற்றிப்போகிறது. கோயில் நிர்வாகம், கூட்டுறவுச் சங்கம் நடத்துகிறவர்கள் 'முதலாம் ஆண்டுப் பிள்ளை' என்ற இடத்தில் தங்கள் காரியத்தைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

பெரட்டில் சொல்வதும் கேட்டுச் சொல்வதும்

விளம்பரம் என்பது காசு கொடுத்து இடம் வாங்கி நம் பேச்சை அங்கே வைப்பது. மக்கள் தொடர்பு என்பது, நம் பிழைப்பு யாருடைய நம்பிக்கையில் நிற்கிறதோ அவர்களோடு உறவை நடத்துவது. வியூகத் தொடர்பு என்று இப்போது பெரிய பெயரில் சொல்கிறார்களே, அது இரண்டையும் சேர்த்து, 'இந்தப் பேச்சு முடிந்ததும் இன்னார் இன்னதைச் செய்யவேண்டும்' என்று முன்கூட்டியே முடிவுசெய்து நடத்துவது.

1984இல் ஜேம்ஸ் குருனிக், டோட் ஹன்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், நிறுவனங்கள் மக்களோடு பேசும் விதத்தை நான்காகப் பிரித்தார்கள். முதலாவது ஆரவாரம்: கவனத்தை இழுத்தால் போதும், உண்மை முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. இரண்டாவது தகவல் அறிவிப்பு: உண்மையைச் சொல்கிறோம், ஆனால் ஒருவழிப் பேச்சு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும், விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் மண்டோர் (மேற்பார்வையாளர்) நின்று இன்றைக்கு எந்த நிரை, எத்தனை மரம் என்று சொல்லிவிட்டுப் போவார், கேள்விக்கு அங்கே இடமில்லை. மூன்றாவதில் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கிறோம். ஆனால் நம் முடிவை அவர்கள் தலையில் இறக்குவதற்காகவே கேட்கிறோம். நான்காவதில் கேட்டதற்கேற்ப நாமும் மாறுகிறோம்.

நம் பள்ளிகளின் தொடர்பு பெரும்பாலும் இரண்டாவதில் நிற்கிறது. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 'நிர்வாகி மட்டுமே பதிவிடலாம்' என்று பூட்டிவிட்டு அறிவிப்புகளை வரிசையாகப் போடுவது அசல் பெரட்டு. தேர்வு அட்டவணை சொல்ல அது போதும். ஒரு தாய் தன் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று யோசிக்கும் இடத்தில் அது வேலைக்காகாது.

எண்ணிக்கையை எழுதுங்கள்

'தமிழ்ப்பள்ளியின் பெருமையை உணர்த்துவது' என்று குறிக்கோள் எழுதினால், வேலை முடிந்ததா இல்லையா என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இப்படி எழுதுங்கள்: 'அடுத்த பதிவுக் காலம் முடிவதற்குள், பத்து கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் உள்ள நான்கு தாமான்களிலிருந்து முதலாம் ஆண்டுக்கு 22 பிள்ளைகள், சென்ற முறை 14.' யார், எங்கே, எத்தனை, எப்போதைக்குள் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஆசைப்படவேண்டாம். அந்தத் தாமான்களில் ஆறு வயதை எட்டப்போகும் தமிழ்ப் பிள்ளைகள் மொத்தமே எத்தனை பேர் என்று முதலில் எண்ணுங்கள். முப்பதுதான் என்றால் நாற்பதுக்குக் குறிவைப்பது வீண்.

மொத்த மாணவர் 150க்குக் கீழே இருந்தால் கல்வி அமைச்சின் கணக்கில் அது 'மாணவர் குறைந்த பள்ளி'. தோட்டத்துப் பள்ளிகள் பல அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே எட்டுப் பிள்ளைகள் கூடுவதே இங்கே பெரிய நகர்வு.

காலக் கணக்கு இன்னொன்று. முதலாம் ஆண்டுப் பதிவு பிள்ளை பள்ளிக்குப் போகும் ஆண்டுக்கு முன்பே, அமைச்சின் இணையதளத்தில் நடந்து முடிகிறது. தீபாவளிக்குப் பிறகு விழித்துக்கொண்டு துண்டுப் பிரசுரம் அடித்தால், முடிவு எடுத்து முடித்தவர்களிடம் பேசிக்கொண்டிருப்போம். பதிவு திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு வாரம் எண்ணி, அங்கே வேலையைத் தொடங்குங்கள்.

'பொதுமக்கள்' என்று யாரும் இல்லை

இந்தத் துறையின் மிக உபயோகமான கருத்து இதுதான் என்பது எங்கள் எண்ணம். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மைக்கில் 'பொதுமக்களே' என்று அழைக்கலாம். திட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. ஒரு பிரச்சினையை முன்வைத்தால் மக்கள் தனித்தனிக் குழுக்களாகப் பிரிவார்கள். எந்தக் குழு அசையும், எது அசையாது என்பதை மூன்று கேள்விகளால் கணிக்கலாம் என்று குருனிக் சொன்னார். பிரச்சினை இருப்பது அவர்களுக்குத் தெரிகிறதா? அது தங்களைத் தொடுவதாக நினைக்கிறார்களா? ஏதாவது செய்யலாம் என்றால் குறுக்கே தடை இருப்பதாக உணர்கிறார்களா?

நம் பட்டணத்தில் வைத்துப் பாருங்கள். லயத்தில் இன்னும் இருக்கும் பாட்டிக்குப் பள்ளியில் பிள்ளை குறைவது தெரியும். அவர் படித்த பள்ளி, அவருக்கு வலிக்கும். ஆனால் முடிவு அவர் கையில் இல்லை. ஈப்போவில் வேலை பார்க்கும் இளம் தகப்பன் மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்தவர். இந்தப் பேச்சே அவர் காதில் விழுந்ததில்லை. மூன்றாமவர் ஒரு தாய். தமிழ்ப்பள்ளி மேல் ஆசை உண்டு. ஆனால் விடியற்காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ் ஏறவேண்டும். தேசியப் பள்ளி தாமானிலிருந்து நடக்கிற தூரம்; தமிழ்ப்பள்ளியோ செம்பனைச் சாலையில் எட்டு, ஒன்பது கிலோமீட்டர். பள்ளி விட்டபின் பிள்ளையை யார் பார்ப்பது?

முதலாமவருக்குச் செய்தி தேவையில்லை, ஒரு வேலை தேவை: பேரப்பிள்ளையின் அப்பாவிடம் பேசச் சொல்லுங்கள். இரண்டாமவருக்குத் தகவல் தேவை. மூன்றாமவரிடம் 'தாய்மொழி காப்போம்' என்று போனால் அவருக்குக் கோபம்தான் வரும், ஏனென்றால் மொழிமேல் அவருக்கு இல்லாத குறையைச் சொல்லிக்கொண்டு போகிறோம். அவருடைய தடை வேன் இல்லாதது. பெரும்பாலான பிரசாரங்கள் தோற்பது இந்த இடத்தில்தான். தடையில் சிக்கி நிற்பவரை அறியாமையில் இருப்பவர் என்று எண்ணிப் பேசிவிடுகிறோம்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வு நிறுவனம் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை உள்ள பதினைந்து வீடுகளுக்கு இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேசட்டும், ஒருவர் எழுதட்டும். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் நல்ல நேரம். ஷிப்டு முடிந்து தூங்குகிறவர்களைக் காலையில் எழுப்பினால் உண்மைப் பதில் வராது. நான்கு கேள்விகள் போதும்.

பிள்ளையை எங்கே போடுவதாக இருக்கிறீர்கள்?
அந்தப் பள்ளியில் உங்களுக்குப் பிடித்தது என்ன?
தமிழ்ப்பள்ளியில் போடுவதென்றால் எது இடைஞ்சல்?
பள்ளி விஷயத்தில் யாரிடம் யோசனை கேட்பீர்கள்?

'தமிழ்ப்பள்ளி நல்ல பள்ளிதானே?' என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். வாசலில் நிற்கும் மனிதரின் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று யாரும் சொல்வதில்லை. ஆசிரியர் வந்து கேட்டாலும் மரியாதைக்குத்தான் பதில் வரும். ஏற்கெனவே பிள்ளையை அனுப்பும் இரண்டு தாய்மார்கள் போனால் "உட்காருக்கா, தண்ணி கலக்குறேன்" என்பதோடு உண்மையும் சேர்ந்து வரும்.

நான்காவது கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹாயோ மாநிலத்தின் ஈரி வட்டாரத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் வாக்காளர்களை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். வானொலியும் பத்திரிகையும் மக்களை நேரே மாற்றிவிடவில்லை. அவற்றைக் கவனிக்கும் ஒருசிலர் வழியாகத்தான் பேச்சு மற்றவர்களுக்குப் போனது. இருபடி ஓட்டம் என்று அதற்குப் பெயர். நம் ஊரில் அந்த ஒருசிலர் யார்? கோயில் தலைவர், கட்சிக் கிளைத் தலைவர் என்று நாமே ஊகிப்போம். பதினைந்து வீட்டில் கேட்டால் வேறு பெயர்கள் வரும்: பாலர் பள்ளி ஆசிரியை, கிளினிக்கில் வேலை செய்யும் தாதி, வேன் ஓட்டுகிற அண்ணன், வீட்டிலேயே முடிதிருத்தி முகப்பூச்சு செய்யும் அக்கா. ஒரே பெயர் மூன்று வீட்டில் வந்தால் அவர்தான் நமக்கு வேண்டியவர். அவரைப் பள்ளிக்கு அழைத்துச் சுற்றிக் காட்டுங்கள். பேசச் சொல்லிக் கெஞ்சவேண்டாம். பார்த்ததை அவரே சொல்வார்.

வேன் முதலில், வார்த்தை பிறகு

1963இல் ஜான் மார்ஸ்டன் இந்த வேலைக்கு நான்கு படி சொன்னார்: ஆய்வு, நடவடிக்கை, தொடர்பு, மதிப்பீடு. தொடர்பு மூன்றாவது இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். கேட்டதற்கு ஏதாவது செய்துவிட்டுத்தான் வாயைத் திறக்கவேண்டும்.

பதினைந்து வீட்டில் ஒன்பது வீடு வேனைச் சொன்னால், பிரசார நிதி முழுவதையும் அச்சுக்கு வைக்காமல் ஒரு பகுதியை வேனுக்குத் திருப்புங்கள். இரண்டு தாமானுக்கு ஒரு தடம், முதல் மூன்று மாதம் பாதிக் கட்டணம் சங்கம் ஏற்கும், பள்ளி விட்டபின் நான்கு மணிவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். இதற்கு ஆகும் செலவை, நான்கு பேனர், ஆயிரம் துண்டுப் பிரசுரம், மேடை, மாலை, பொன்னாடைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொன்னாடையில் மட்டுமே எத்தனை வேன் தவணை போகிறது என்று கணக்கெடுத்தால் தலை சுற்றும்.

வீடு வீடாகவோ தெருவிலோ நிதி திரட்டுவதானால் பொலீஸ் அனுமதி எடுத்துவிடுங்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதைக் கேட்கிறது. அனுமதியில்லாமல் உண்டியலோடு போய் மாட்டிக்கொண்டால் அந்த ஒரு படமே எல்லாப் பிரசாரத்தையும் விழுங்கும்.

செய்தியை எழுதுவது

ஒரு குழுவுக்கு ஒரே செய்தி. அதைத் தாங்க இரண்டு அல்லது மூன்று சான்றுகள். கடைசியில் ஒரே ஒரு வேலை: என்ன செய்யவேண்டும், எப்போது, யாரிடம். இதில் கடைசிப் பகுதிதான் நம் அறிவிப்புகளில் காணாமல் போவது.

சுங்கை சிப்புட்டில் பிறந்து, அந்நாளில் அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் இந்தக் கடைசிப் பகுதியைச் சரியாகச் செய்தவர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்த காலம் அது. 'துண்டாடலை எதிர்ப்போம்' என்று முழங்கிவிட்டு அவர் நிறுத்தவில்லை. 1960இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், பங்கு சேருங்கள், தவணையில் கட்டுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். பால்மரம் வெட்டிக் களைத்து வந்தவருக்கும் நாளைக் காலை என்ன செய்யவேண்டும் என்பது தெளிவாக இருந்தது.

இப்போது ஒரு அறிவிப்பைக் கையில் எடுப்போம். வழக்கமாக வருவது இது:

'மதிப்பிற்குரிய பெற்றோர்களே, மாணவச் செல்வங்களின் பொற்கால எதிர்காலத்தைக் கருத்திற்கொண்டு, அன்னைத் தமிழின் அரவணைப்பில் சிறந்த கல்வியை வழங்கிவரும் நமது பள்ளியில் தங்கள் பிள்ளைகளைப் பதிந்து பயன்பெறுமாறு பள்ளி நிர்வாகம் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறது.'

இதில் பெற்றோருக்குப் புதிதாகத் தெரியவந்த தகவல் எத்தனை? ஒன்றுமில்லை. எந்த ஊர்ப் பள்ளியின் பெயரை வைத்தாலும் பொருந்தும். இதே இடத்தில்:

'தாமானிலிருந்து பள்ளிக்கு வேன் வந்துவிட்டது. காலை 6.45க்குப் பாலர் பள்ளி வாசல். முதல் மூன்று மாதம் பாதிக் கட்டணம். பள்ளி விட்டபின் 4 மணிவரை பிள்ளைகளை ஆசிரியை பார்த்துக்கொள்வார். வந்து பார்க்க விரும்பினால் இந்தச் சனிக்கிழமை 9 முதல் 11 வரை. வேன் உங்களையும் ஏற்றிக்கொள்ளும். இந்த எண்ணுக்கு "வருகிறேன்" என்று அனுப்புங்கள்.'

ஏழு சின்ன வாக்கியங்கள். எல்லாம் சரிபார்க்கக்கூடியவை. 'சிறந்த' என்ற சொல்லே இல்லை.

எழுதும்போது இன்னொரு சங்கதியை மறக்கக்கூடாது. தேசியப் பள்ளியில் படித்து வந்த இளம் பெற்றோர் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அறிவிப்பைத் தமிழில் மட்டும் அடித்தால், ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்களிடமே பேசிக்கொண்டிருப்போம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலாய் என்று அடியுங்கள். கூடவே நாற்பது வினாடிக் குரல் பதிவு ஒன்று, ஏற்கெனவே பிள்ளையை அனுப்பும் தாய் ஒருவரின் குரலில். இதில் மொழிப்பற்றுக்கு இழுக்கு ஒன்றுமில்லை. பிள்ளை வந்து சேர்ந்தால் வீட்டுக்குள் தமிழ் எழுத்து தானாக நுழையும்.

பிறகு சட்டகம். அதாவது ஒரே உண்மையை எந்தச் சட்டத்துக்குள் வைத்துக் காட்டுகிறோம் என்பது. 'வகுப்பில் பதினான்கு பேர்தான்' என்பது ஒரு சட்டம். 'பதினான்கு பேருக்கு ஓர் ஆசிரியர்' என்பது வேறு சட்டம். இரண்டும் உண்மை, இரண்டாவதைச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்துப் பாடம் நடப்பதை மறைத்துவிட்டு அப்படிச் சொன்னால், பெற்றோர் முதல் வாரமே கண்டுபிடிப்பார், இரண்டாம் வாரம் தாமான் முழுக்கத் தெரியும்.

எங்கே சொல்வது

வழிகளை நான்காகப் பிரிப்பார்கள்: காசு கொடுத்தது, சம்பாதித்தது, பகிரப்பட்டது, சொந்தமானது. பேனர், விளம்பரம் முதல் வகை. பத்திரிகைச் செய்தி இரண்டாவது. மற்றவர்கள் புலனத்தில் அனுப்பிக்கொள்வது மூன்றாவது. பள்ளியின் முகநூல் பக்கம், அறிவிப்புப் பலகை, வேன் கண்ணாடி நான்காவது. சிறிய பள்ளிக்கு மூன்றும் நான்கும்தான் கைகொடுக்கும்.

பேனர் கட்டியே தீரவேண்டும் என்றால் கணக்குப் போட்டுக் கட்டுங்கள். ஓர் அங்குல உயர எழுத்தைப் பத்தடி தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்கலாம் என்பது பலகை எழுதுகிறவர்களின் பொதுவான கணக்கு. பத்து அங்குல எழுத்து நூறடிக்கு, அதாவது முப்பது மீட்டருக்கு. மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போகும் கார் வினாடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் ஓடும். ஆக ஓட்டுநருக்குக் கிடைப்பது இரண்டு வினாடிக்கும் குறைவு. நான்கு, ஐந்து சொல்லுக்கு மேல் போகாது. தமிழில் கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் எழுத்தின் உடல் இன்னும் சிறுத்துவிடும்; சற்றுப் பெரிதாகவே வையுங்கள். ஐந்து முகங்களுக்கு அங்கே இடமே இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும். வண்டி ஓடும் சாலையை விட்டு, ஆள் நிற்கும் இடத்தில் கட்டுங்கள்: பாலர் பள்ளி வாசல், பாசார் மாலாம் (இரவுச் சந்தை) நுழைவு, சமிக்ஞை விளக்கு. நகராண்மைக் கழக அனுமதி இல்லாமல் கட்டினால் கழற்றிப் போய்விடுவார்கள்.

பத்திரிகைக்கு அனுப்பும் செய்தியில் முதல் பத்தியிலேயே யார், என்ன, எங்கே, எப்போது வந்துவிடவேண்டும். ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார்; முக்கியமானதைக் கடைசிக்கு வைத்தால் அதுதான் போகும். 'குத்துவிளக்கேற்றி, தமிழ் வாழ்த்துடன் இனிதே தொடங்கிய' என்று ஆரம்பிக்காதீர்கள். எழுத்து யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும்போது கட்டம் கட்டமாகத்தான் வரும். தாளில் அச்சடித்துப் படம்பிடித்து அனுப்பினால் யாரும் உட்கார்ந்து மறுபடி தட்டமாட்டார்கள். புகைப்படத்தைப் புலனத்தில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். கோப்பாகவோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள், இடமிருந்து வலமாகப் பெயர்களோடு. பிள்ளைகள் படத்தில் இருந்தால் பெற்றோரின் எழுத்து அனுமதி கையில் இருக்கவேண்டும்.

நாளிதழை யார் படிக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 பிப்ரவரியில் நின்றுபோனது. மக்கள் ஓசையும் மலேசிய நண்பனும் தமிழ் மலரும் தாத்தா பாட்டியின் கைக்குப் போய்ச்சேரும். அப்பா அம்மா காரில் வானொலி கேட்கிறார்கள், கைப்பேசியைத் தள்ளுகிறார்கள். ஆகவே நாளிதழ்ச் செய்தியைத் தாத்தாவுக்கென்றே எழுதுங்கள்.

"பள்ளிய மூடப்போறாங்களாம்"

இந்த ஒரு வரி ஆண்டுக்கு ஒருமுறையாவது தோட்டப் பட்டணத்துப் புலனக் குழுக்களில் சுற்றும். அது வந்தபின் பெற்றோர் பிள்ளையைப் பதிய அஞ்சுவார்கள். 'பள்ளியை மூடப்போவதாக வந்த வதந்தி பொய்' என்று தலைப்புப் போட்டு மறுப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் வேகமாகத் தள்ளிப் போகிறவர் மனத்தில் நிற்பது 'பள்ளி, மூடப்போகிறது' என்ற இரண்டும்தான். உண்மையை மேலே வையுங்கள், வதந்தியை நடுவில் ஒரே ஒருமுறை தொடுங்கள், மறுபடி உண்மையில் முடியுங்கள். 'அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு வகுப்பு நடக்கும். இதுவரை 11 பேர் பதிந்திருக்கிறார்கள். மூடுவதாக ஒரு குரல் பதிவு சுற்றுகிறது; அது சரியல்ல. ஐயம் இருந்தால் சனிக்கிழமை நேரில் வாருங்கள்.' இதைப் பரப்பியவர் இவர்தான் என்று பெயர் போட்டு எழுதாதீர்கள். 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமும் 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவும் புலனக் குழுவுக்கும் பொருந்தும்.

வதந்தியைவிடப் பெரியது உண்மையான நெருக்கடி. சிற்றுண்டிச்சாலை உணவில் ஏதோ ஆகி, பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மணி நேரத்தில் நடக்கவேண்டியது: பிள்ளைகளை மருத்துவரிடம் சேர்ப்பது, ஒவ்வொரு பெற்றோருக்கும் நேரே போன் செய்வது, மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் சுகாதார அலுவலகத்துக்கும் தெரிவிப்பது, மிச்ச உணவைக் கொட்டாமல் வைப்பது. அதன் பிறகே எல்லாருக்குமான குறிப்பு:

'இன்று காலை 10.40 முதல் எங்கள் மாணவர் 9 பேருக்கு வயிற்றுவலியும் வாந்தியும் ஏற்பட்டுள்ளன. 6 பேர் மருத்துவமனையில், 3 பேர் பெற்றோருடன் வீட்டில். ஒன்பது குடும்பத்துக்கும் நேரில் தெரிவித்துவிட்டோம். சிற்றுண்டிச்சாலையை மூடியிருக்கிறோம். காரணத்தைச் சுகாதார அலுவலகம் ஆராய்கிறது. அவர்கள் சொல்லும்வரை நாங்கள் ஊகித்துச் சொல்லமாட்டோம். அடுத்த தகவல் பிற்பகல் 2 மணிக்கு, புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும்.'

கடைசி வரிதான் இதில் கனமானது. இரண்டு மணிக்கு ஒன்று வரும் என்று தெரிந்தால் ஒரு மணிக்கு யாரும் கற்பனை செய்யமாட்டார்கள். சொன்ன நேரத்துக்கு அனுப்பாவிட்டால் குறிப்பே அனுப்பாததைவிடக் கேடு.

பேசுகிறவர் ஒருவர்தான். அவர் யார் என்பதை நெருக்கடி வருவதற்கு முன்பே தீர்மானியுங்கள். தலைமையாசிரியர் அரசு ஊழியர். 1993ஆம் ஆண்டுப் பொதுச்சேவை நடத்தை விதிகளின்படி அனுமதியில்லாமல் அவர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்க முடியாது. அவரை மைக் முன்னால் தள்ளிவிட்டுப் பிறகு விளக்கக் கடிதம் எழுதவைக்காதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரோ மேலாளர் வாரியத் தலைவரோ பேசலாம், அதுவும் சங்கத்தின், வாரியத்தின் தரப்பை மட்டும்.

எவ்வளவு பணிந்து பேசவேண்டும் என்பதற்குத் திமோத்தி கூம்ஸ் என்ற ஆய்வாளர் ஓர் அளவுகோல் தருகிறார். நாமே பாதிக்கப்பட்ட சம்பவம் (வெள்ளம், பொய்ச்செய்தி), தற்செயலாக நேர்ந்தது, தடுத்திருக்கக்கூடியது என்று மூன்று. முதலாவதில் விளக்கினால் போதும். மூன்றாவதில் விளக்கம் எரிச்சலூட்டும். மன்னிப்பும் பரிகாரமும்தான் வழி. நம்மவர்கள் அடிக்கடி சறுக்குவது, மூன்றாவது வகைக்கு முதல் வகையின் பேச்சைப் பேசுவதில். 1982இல் சிகாகோ வட்டாரத்தில் யாரோ 'டைலனால்' என்ற வலிநிவாரணி கேப்சூலில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சனே பாதிக்கப்பட்ட தரப்புதான். ஆனாலும் ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. பிறகு யாரும் திறந்தால் தெரிந்துவிடும் புதுப் பொதியோடு சந்தைக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் பேச்சை அல்ல, புட்டிகளைத் திரும்ப வாங்கியதைத்தான் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள்.

என்ன நடந்தது என்று பார்ப்பது

எத்தனை பிரசுரம் கொடுத்தோம் என்பது நம் உழைப்பின் அளவு. எத்தனை பேருக்கு வேன் நேரம் நினைவிருக்கிறது என்பது அவர்கள் வாங்கிக்கொண்டதன் அளவு. எத்தனை பேர் பதிந்தார்கள் என்பதே விளைவு. பத்திரிகையில் வந்த செய்தியின் அகலத்தை அளந்து, 'இவ்வளவு வெள்ளிக்கான விளம்பரம் இலவசமாகக் கிடைத்தது' என்று ஆண்டறிக்கையில் எழுதும் பழக்கத்தை விடலாம். அந்தக் கணக்குத் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று 2010இல் பார்சலோனாவில் கூடிய இத்துறையினரே ஒப்புக்கொண்டு கொள்கையாக எழுதிவிட்டார்கள். முகநூல் விருப்பக்குறிகளும் அப்படித்தான். சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவர் போட்ட விருப்பக்குறியால் முதலாம் ஆண்டில் ஒரு நாற்காலி நிறையாது.

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: பிரசுரம், போன் அழைப்பு, நேர்வருகை, பதிவு, முதல் நாள் வந்தது. உதாரணமாக 120, 34, 19, 11, 10 என்று வந்தால், 34 பேர் அழைத்தும் 19 பேர்தான் வந்தார்கள். ஓட்டை அங்கே இருக்கிறது. அழைப்பை எடுத்தவர் யார், எப்படிப் பேசினார், சனிக்கிழமை ஷிப்டு இருந்ததா என்று அந்த இடத்தை மட்டும் தோண்டினால் போதும். பதிய வரும் ஒவ்வொருவரிடமும் "எங்களப் பத்தி மொதல்ல யார் சொன்னாங்க?" என்று கேட்டு அந்தப் பெயரையும் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு யாரிடம் தொடங்குவது என்பது அந்தப் பெயர்களில் இருக்கும்.

அடுத்த ஆண்டு என்றதும் நினைவுக்கு வருவது, ஆண்டுக் கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது முகநூல் பக்கம் பழைய செயலாளரின் சொந்தக் கணக்கோடு போய்விடுவது. பள்ளி பெயரில் மூன்று பக்கங்கள் அநாதையாகக் கிடப்பதற்கு இதுதான் காரணம். பக்கத்துக்கு எப்போதும் இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும், அவர்களில் ஒருவர் அந்த ஆண்டு பதவி விலகாதவராக. விசாரணைக்குக் கொடுக்கும் எண் சங்கத்தின் பெயரில் வாங்கிய சிம் அட்டையாக இருக்கட்டும். கடவுச்சொல், பதினைந்து வீட்டுக் குறிப்பு, ஐந்து கட்டத் தாள், ஊரில் யார் சொன்னால் எடுபடும் என்ற பெயர்ப்பட்டியல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, கணக்குப் புத்தகத்தைக் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பதுபோல இதையும் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள்.